ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் பரவிய பிறகு: சிகிச்சைச் செலவை எங்கே கேட்பது?

ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய் மீசோதெலியோமா. அது உடலில் பரவிவிட்டால் அறுவைச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் வழியில்லை. பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோவை 21 நாளுக்கு ஒருமுறை, 4 முதல் 6 சுற்று கொடுப்பார்கள். சிறுநீரகம் தாங்காதென்றால் கார்போபிளாட்டின். உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் நிவோலுமாப், இபிலிமுமாப் இம்யூனோதெரபி லட்சக்கணக்கில் இழுக்கும். மூச்சுத்திணறலுக்கு நுரையீரலைச் சுற்றிச் சேரும் நெஞ்சுநீரை வடித்தல், வலிக்குக் கதிர்வீச்சு, மார்ஃபின்.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று கைமாறி வருவதற்குள் நோய் காத்திருக்காது. நோய் என்ற சந்தேகம் எழுந்த அன்றே இ-சேவையில் விண்ணப்பியுங்கள். குடும்ப அட்டையில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மகன் தனி அட்டை வாங்கியபோது அப்பாவின் பெயர் விடுபட்டிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். 70 வயது முடிந்தவருக்கான மத்திய அரசின் வய வந்தனா காப்பீட்டு அட்டைக்கு வருமான வரம்பே இல்லை; உங்கள் மருத்துவமனையில் அது செல்லுமா என்று முன்பே கேளுங்கள். ஆனால் ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு.

கீமோவுக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் முன்அனுமதி கேட்கும்போது திசுப் பரிசோதனை அறிக்கை வேண்டும். நெஞ்சுநீர்ச் சோதனை மட்டும் வைத்து அனுப்பினால் திரும்பி வரலாம். எந்த வகைப் புற்றுநோய் என்று திசுவில் உறுதிசெய்யும் கால்ரெட்டினின், டபிள்யூடி-1 போன்ற ஐஎச்சி சோதனை முடிவும் அறிக்கையில் இருக்கட்டும். பெமெட்ரெக்செட் அனுமதியில் அடங்குகிறதா என்று மருந்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். "முதலில் கட்டுங்கள், பிறகு திரும்ப வரும்" என்றால் கட்டாதீர்கள்; இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். அனுமதிக்குக் காத்திருக்கும் வாரத்தையும் வீணாக்க வேண்டாம். ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் பெமெட்ரெக்செட்டுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டியவை, மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐயில் 5 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். கவுண்டரில் யாரும் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டப் பட்டியலில் இந்த நோய் தொழில்நோய்தான். ஆனால் மருத்துவமனைக் குறிப்பில் "புகைபிடிப்பவர்" என்று மட்டும் எழுதிவிட்டால் வழக்கு அங்கேயே பலவீனமாகிறது. எந்த ஆலை, எத்தனை ஆண்டு, என்ன வேலை என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லுங்கள். வேலையை விட்டு 2 ஆண்டுக்குள் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. இந்த நோயோ 20, 40 ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் அறிகுறி எப்போது தொடங்கியது என்று காட்டும் சீட்டு, அதாவது முதல் மூச்சிரைப்புக்குப் பார்த்தது, முதல் எக்ஸ்ரே, காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்தது, எதையும் தூக்கிப் போடாதீர்கள். பணியில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை தொழிலாளியின் உடல்நலப் பதிவை ஆலை வைத்திருக்க வேண்டும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவின் நகலை எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.