டைம் என்றால் நேரம் மட்டும்தானா?

'டைம்' என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் யோசிக்காமல் 'நேரம்' என்போம். சரி, 'ராஜராஜன் டைம்ல கட்டின கோயில்' என்பதை அப்படியே மாற்றிப் பாருங்கள். 'ராஜராஜன் நேரத்தில் கட்டிய கோயில்' என்றால், மதியம் கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது ஆளை வைத்துக் கட்டிய மாதிரி இருக்கிறது. அங்கே வர வேண்டியது காலம்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'டீமா'. பிரிப்பது, பங்கிடுவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். கடல் ஏறி இறங்குவதைக் குறிக்கும் 'டைடு' அதற்கு உடன்பிறப்பு. அதற்கும் முதலில் நேரம் என்றுதான் பொருள், ஜெர்மன்காரர்கள் இன்னும் நேரத்தை 'ட்சைட்' என்கிறார்கள். 'டைம் அண்ட் டைடு யாருக்கும் காத்திராது' என்ற பழமொழியை 'காலமும் கடலலையும்' என்று பெயர்க்கிறோமே, அந்த டைடு முதலில் அலையே இல்லை, பருவம்தான். இலக்கணத்தில் வரும் 'டென்ஸ்' இந்தக் குடும்பமே கிடையாது, லத்தீன் 'டெம்பஸ்' வழி வந்தது. நமக்கு அதுவும் காலம்தான்: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம்.

ஆங்கிலம் இந்த ஒரே சொல்லில் எண்ணிக்கையையும் ஏற்றிவிட்டதுதான் பெரிய தலைவலி. 'த்ரீ டைம்ஸ் எ டே' என்று டாக்டர் எழுதினால் அது மூன்று வேளை. மருந்துக் கடையில் தரும் சின்னக் காகித உறையில் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டிருக்கும், கடைக்காரர் பேனாவால் டிக் அடித்து 'சாப்பாட்டுக்கு அப்புறம்' என்பார். அந்த வேளை சோற்றோடு ஒட்டிய சொல். ஆனால் 'த்ரீ டைம்ஸ் போன் பண்ணேன்' என்றால் மூன்று முறை, அல்லது தடவை. வாட்டி என்பவர்கள் உண்டு, சென்னையில் தபா, ஏலம் போடுகிறவருக்கு ஒரு தரம், ரெண்டு தரம். 'த்ரீ டைம்ஸ் விலை' என்றால் மூன்று மடங்கு. இதைப் போய் 'மூன்று முறை அதிக விலை' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெருக்கலுக்கு வந்தால் அந்தச் சொல்லே நமக்குத் தேவையில்லை: ஈரைந்து பத்து, மூவைந்து பதினைந்து, முடிந்தது.

வேளை, சமயம் இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. காலத்தை வடசொல் என்பாரும் உண்டு, 'கால்' என்ற தமிழ் வேரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. தனித்தமிழாகத்தான் வேண்டும் என்றால் கையில் இருக்கும் நல்ல சொல் பொழுது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும்தான் முதற்பொருள் என்கிறது. ஆண்டைப் பிரித்தால் பெரும்பொழுது, நாளைப் பிரித்தால் சிறுபொழுது. அதில் சாயங்காலத்தை ஒட்டிய ஒன்றுக்கு எற்பாடு என்று பெயர், எல் என்றால் கதிரவன், பாடு என்றால் சாய்வது. ஊர்ப்பக்கம் இன்னும் பொழுது என்றால் சூரியனேதான், 'பொழுது உச்சிக்கு வந்துடுச்சு, இன்னும் என்ன தூக்கம்' என்று திட்டு விழும். டைம்பாஸ் என்பதற்கும் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பொழுதுபோக்கு ஏற்கெனவே இருக்கிறது. கடலைக்கு மட்டும் டைம்பாஸ் இருந்துவிட்டுப் போகட்டும்.

'டைம் கொடுங்க' என்றால் அவகாசம், 'டைம் முடிஞ்சுது' என்றால் பல இடங்களில் கெடு. 'அவனுக்கு டைம் சரியில்லை' என்பதில் மட்டும் நேரம் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அது கடிகாரத்தில் தெரியாத நேரம், ஜோசியர் சொல்லும் நேரம்.

'வாட் இஸ் த டைம்' என்பதற்கு இங்கே 'மணி என்ன?' என்கிறோம், அடிக்கிற மணியே அளவாகிவிட்டது. இலங்கைத் தமிழர் 'நேரம் என்ன?' என்று கேட்பார்கள். அவர்கள் 'சிலவேளை வருவார்' என்றால் வந்தாலும் வரலாம் என்று அர்த்தம், நாம் 'ஒருவேளை' என்கிறோமே, அது. இதில் இடைவெளி விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: 'ஒருவேளை சாப்பிட்டால்' சந்தேகம், 'ஒரு வேளை சாப்பிட்டால்' மற்ற ரெண்டு வேளையும் பட்டினி.