நகராத பருந்து

டெல்லி வானத்தில் பருந்துக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலைச் சாலையில் நின்று எடுத்த பத்துப் படங்களிலும் இடது மேல்மூலையில் ஒரு பருந்து இருந்தது எனக்கு உறுத்தவில்லை. அக்கா மகள்தான் கேட்டாள்: “மாமா, இது நகரவே மாட்டேங்குதே?”

ஜூன் மாத ஆந்தி (புழுதிப் புயல்) அடித்து ஓய்ந்த மாலையில், தெருவில் நின்றபடியே லென்ஸ் மாற்றியதற்குக் கிடைத்த கூலி அது. தூசி.

சென்சாரில் தூசி என்கிறோமே தவிர, ஒளியை உணரும் பரப்பை அது தொடுவதில்லை. அதற்கு முன்னால் வடிகட்டிக் கண்ணாடி ஒன்று உண்டு. தூசி அதன்மேல் உட்கார்கிறது. படத்தில் தெரிவது சற்றுத் தள்ளி விழும் நிழல். அந்தச் சிறிய இடைவெளியில்தான் சூட்சுமம் எல்லாம்.

மேகம் மூடிய நாளில் நாலா பக்கமிருந்தும் ஒளி வருவதால், தலைக்கு மேல் பறக்கும் காக்கைக்குத் தரையில் நிழலில்லை. வெயிலில் பளிச்சென்று விழும். லென்ஸின் துளை அகலமாகத் திறந்திருந்தால் மேகமூட்டம், சுருங்கினால் வெயில். கணக்குக்காக, கண்ணாடி 2 மி.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் ஒளிக்கூம்பு அங்கே எவ்வளவு அகலம்? 2-ஐ எஃப் எண்ணால் (துளை சுருங்கச் சுருங்கப் பெரிதாகும் எண்) வகுத்தால் போதும். எஃப்/2.8-இல் சுமார் 0.7 மி.மீ., எஃப்/16-இல் 0.125 மி.மீ. தூசியின் அகலம் 0.05 மி.மீ. என்றால், முதல் கூம்பில் அது மறைப்பது அரை சதவீத ஒளி, கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவதில் 16 சதவீதம். நான் எடுத்தது எஃப்/16-இல்.

லென்ஸ் பிம்பத்தைக் கவிழ்த்துவிடுவதால், தூசியைத் தேடவேண்டியது கீழ்மூலையில். கேமராவை முன்னாலிருந்து பார்த்தால் மேல் கீழ் மட்டும்தான் மாறும், இடம் வலம் மாறாது.

2003-இல் வந்த ஒலிம்பஸ் இ-1, சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடியை மீயொலி அதிர்வெண்ணில் அதிரவைத்துத் தூசியை உதறியது. இன்று பல கேமராக்களில் இப்படி ஏதோ ஒரு வசதி இருக்கிறது. வறண்ட மணல் என்றால் உதறலுக்கு விழுந்துவிடும். காற்றில் ஈரம் ஏறினால் துகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் பாலம் போட்டு இறுக்கிக்கொள்ளும். ஆகவே ஆந்தித் தூசியை ஜூலை மழை வரை விட்டுவைக்காதீர்கள்.

அப்படியும் ஒட்டியிருந்தால் கையால்தான் சுத்தம் செய்யவேண்டும். பேட்டரி நிறையச் சார்ஜ் இருக்கட்டும், நடுவில் தீர்ந்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும். லென்ஸைக் கழற்றி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் புளோயரால் நாலைந்து முறை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அழுத்தக் காற்று டப்பாவிலிருந்து திரவம் பீய்ச்சும். இரண்டும் தூசியைவிடப் பெரிய தலைவலி. அப்படியும் போகாததற்குத்தான் சென்சார் அளவுக்கேற்ற ஸ்வாப் (துடைக்கும் குச்சி), அதற்கான திரவம். ஒரு ஸ்வாப்பை மறுமுறை பயன்படுத்தாதீர்கள்.

போயிற்றா என்று பார்க்க, எஃப்/22-இல் வெள்ளைச் சுவரை, கேமராவை வேண்டுமென்றே ஆட்டியபடி எடுங்கள். சுவரின் அழுக்கெல்லாம் கோடாக இழுபடும். சென்சார் தூசி மட்டும் புள்ளியாகவே நிற்கும்.

மறுநாள் எடுத்த படத்திலும் ஒரு பருந்து இருந்தது. அடுத்த படத்தில் அது கோயிலைத் தாண்டிப் போயிருந்தது.