வீட்டிலிருந்தே ஓட்டு: 12டி படிவத்தில் எங்கே தவறுகிறது?

85 வயது நிறைந்தவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த வயது வரம்பு 80. 2024 மார்ச்சில் அதை 85 ஆக்கிவிட்டார்கள். வாக்குச்சீட்டு தபாலில் வராது. தேர்தல் குழு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓட்டைப் பதியவைத்து, கையோடு வாங்கிக்கொண்டு போகும். அதற்கு முன்கூட்டியே 12டி படிவம் கொடுத்திருக்க வேண்டும். சிக்கலெல்லாம் அந்தப் படிவத்தைச் சுற்றித்தான்.

முதலில் வயது. வாக்காளர் பட்டியலில் இருக்கும் வயதுதான் கணக்கு. ஆதாரில் 87, பட்டியலில் 79 என்றால் அவருக்கு 79தான். எப்போதோ யாரோ குத்துமதிப்பாக எழுதிவைத்த வயதால், படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு உரிமை போகிறது. திருத்த படிவம் 8 கொடுக்க வேண்டும். தேர்தல் நெருங்கியபின் ஓடினால் நேரம் போதாது. தேர்தல் இல்லாத மாதங்களிலேயே கொடுத்துவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் 12டி உடன் ஊனச் சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும். அரசு உதவித்தொகை வாங்குகிறோமே, அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளி என்று பட்டியலில் குறிக்கவும் அதே படிவம் 8தான். பக்கவாதம் வந்து 70 வயதில் படுத்துவிட்டவருக்கு நடக்க முடியாது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் சான்றிதழ் இல்லாவிட்டால் அவருக்கு இந்த வசதி கிடையாது. இந்த விதி எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அலுவலக மேசையில் வாதாடிப் பயனில்லை, சான்றிதழுக்கு அலைவதுதான் வழி.

அடுத்தது கெடு. தேர்தல் அறிவிக்கை முறைப்படி வெளியான நாளிலிருந்து 5 நாள், அவ்வளவுதான். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு மார்ச் 20 அறிவிக்கை வந்தது, மார்ச் 25 உடன் முடிந்தது. ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. "இன்னும் மூணு வாரம் இருக்கே" என்று இருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கு வந்து படிவம் கொடுத்து, நிரப்பியதைத் திரும்ப வாங்கிச் செல்ல வேண்டும் என்பது விதி. எல்லாத் தெருவிலும் அப்படி நடப்பதில்லை. தாலுகா அலுவலகத்தில் கேட்டால் "பி.எல்.ஓ. வருவார்" என்பார்கள், பி.எல்.ஓ.வோ "லிஸ்ட்டில் பெயர் வரலை" என்பார். அதற்குள் 5 நாளும் ஓடிவிடும். முதல் நாளே தேர்தல் உதவி எண் 1950க்கு அழைத்துப் பதிவுசெய்யுங்கள், பி.எல்.ஓ.வின் கைபேசி எண்ணையும் வாங்கிவையுங்கள். இன்னொன்று: படிவம் பெற்றுக்கொண்டதற்காகப் போடும் கையெழுத்து வேறு, விண்ணப்பம் வேறு. நிரப்பிய படிவத்தைக் கொடுத்தால்தான் கணக்கு. கொடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் பார்த்த அநியாயம் இதற்குப் பிறகுதான் நடக்கிறது. விண்ணப்பத்தை ஏற்றதும் பட்டியலில் பெயருக்கு எதிரே 'பிபி' (தபால் ஓட்டு) என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் வாக்குச்சாவடியில் ஓட்டுப் போட முடியாது. குழு வரும்போது வீட்டில் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், மூன்றாவது முறை இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு பெரியவரை, ஓட்டுப்பதிவு நாளில் ஆட்டோ வைத்து அழைத்துவந்து, வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு இந்த விதியை முன்னால் யாரும் சொல்லவில்லை. ஆகவே சக்கர நாற்காலியில் சாவடிக்குப் போய்வர முடியும் என்றால் 12டி கொடுக்காதீர்கள், அது கட்டாயமில்லை. கொடுத்தால், எப்போதும் எடுக்கிற கைபேசி எண்ணை எழுதுங்கள். வரும் நாளும் நேரமும் அதில்தான் வரும்.

வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இந்த வசதி இல்லை. யாராவது வாங்கித் தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

குழு வந்ததும் மகனோ மருமகளோ தாங்களாகக் குறித்துவிடக் கூடாது. பார்வை இல்லாதவர், கை வராதவர் மட்டும் தாம் நம்பும் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வேட்பாளரின் ஆட்கள் உடன் வரலாம், ஆனால் யாருக்குக் குறிக்கிறார் என்று எட்டிப் பார்க்க உரிமையில்லை. குறித்த சீட்டை 13பி என்ற சின்ன உறையில் போட்டு ஒட்ட வேண்டும். அந்த உறையும் 13ஏ உறுதிமொழித் தாளும் சேர்ந்து 13சி என்ற பெரிய உறைக்குள் போக வேண்டும். 13ஏயில் வாக்காளர் கையெழுத்தும் அலுவலரின் சான்றொப்பமும் இருக்கிறதா என்று, உறையை ஒட்டுவதற்கு முன்பே பாருங்கள். அது இல்லையென்றால் எண்ணிக்கை நாளில் சின்ன உறையைப் பிரிக்காமலே அந்த ஓட்டைத் தள்ளிவிடுவார்கள்.