பத்துப் பாத்திரத்துக்கு எந்த நார் கட்டுபடி?

செட்டிநாட்டு வீடுகளில் ஒரு வேளைப் பத்துப் பாத்திரத்தில் எவர்சில்வர் தட்டு, ஈயம் பூசிய பித்தளைத் தவலை, இருப்புச்சட்டி, குழிப்பணியாரக் கல், மீன்குழம்பு வைத்த மண்சட்டி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அத்தனைக்கும் ஒரே கம்பி நாரைப் போட்டுத் தேய்த்தால், நாரில் மிச்சம் பிடித்த காசு பாத்திரத்தில் போய்விடும்.

ஈயப்பூச்சுதான் முதலில் அடிபடும். வெள்ளீயம் நகம் பட்டாலே கீறல் விழும் அளவுக்கு மெத்து. கடையில் விற்கும் பச்சை நாரில் பெரும்பாலும் ஒட்டியிருப்பதோ அலுமினியம் ஆக்சைடுத் தூள். உப்புத்தாளில் இருக்கும் அதே சரக்கு. நாள்பட அதால் தேய்த்தால் உள்ளே மஞ்சள் தெரியும். அங்கே புளியோ மோரோ பட்டால் களிம்பு ஏறும். மறுபடி ஈயம் பூசுகிற கூலிக்குப் பல மாதத்து நார் வாங்கலாம். தவலையின் உட்பக்கத்துக்குப் பீர்க்கங்கூடு, ரசம் வைக்கும் ஈயச்செம்புக்கு வெறும் துணி. புளியும் தேங்காய் நாரும் வெளிப்பக்கத்தோடு நிற்கட்டும்.

இனிப்புப் பணியாரம் சுட்ட கல்லில் வெல்லம் கருகி அடியில் ஒட்டியிருக்கும். கம்பியால் சுரண்டினால் எண்ணெய்ப் பதம் போய், அடுத்த முறை மாவு ஒட்டும். பிறகு கல்லைக் குறை சொல்வோம். சூடு ஆறியதும் குழிகளில் வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். தேங்காய் நாரைக் கட்டைவிரல் தடிமனுக்கு முறுக்கிக் குழிக்குள் சுழற்றினால் கருகல் பெயர்ந்து வரும். சோப்பு வேண்டாம். துடைத்து, அடுப்பில் ஈரம் போகக் காட்டி, நல்லெண்ணெய் தடவி வையுங்கள். மண்சட்டி சோப்பை உறிஞ்சிக்கொள்ளும். அதற்குக் கடலை மாவும் தேங்காய் நாரும்.

கம்பி நார் எவர்சில்வரில் அடிப்பிடித்ததற்கு மட்டும். அதற்கும் முன்னால் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பூன் சோடா உப்புப் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டால் பாதி வேலை முடிந்தது. (அலுமினியத்தில் இதைச் செய்யாதீர்கள், கறுத்துவிடும்.) புதுக் கம்பி நாரை ஓர் இரவு உப்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்; துரு இறங்கினால் அந்தச் சரக்கை மறுபடி வாங்காதீர்கள். இழை உதிர ஆரம்பித்த அன்றே தூக்கிப் போடுங்கள். சோற்றில் கம்பித் துண்டு கிடந்தால் தொண்டையில் குத்தும்.

ஸ்பாஞ்சை விலை பார்த்து வாங்காமல் நாள் கணக்குப் பார்த்து வாங்குங்கள். 20 ரூபாய் ஸ்பாஞ்ச் 10 நாள் வந்தால் நாளுக்கு 2 ரூபாய். 30 ரூபாயுடையது 20 நாள் வந்தால் ஒன்றரை. இரண்டாக வெட்டியும் புழங்கலாம். ஆனால் வாடை அடித்த பிறகும் வெந்நீரில் போட்டு இழுத்தடிப்பது சிக்கனமில்லை: 2017இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், அடிக்கடி சுத்தம் செய்ததாகச் சொல்லப்பட்ட ஸ்பாஞ்சுகளிலும் கிருமி குறைந்திருக்கவில்லை.

காசே வேண்டாம் என்றால் முற்றிய தேங்காய் மட்டை போதும். ஓர் இரவு ஊறவைத்துத் தட்டி, நாருக்கு நடுவே இருக்கும் சோற்றியை (தூளை)த் துப்புரவாக உதறி, வெயிலில் காயவைத்து எலுமிச்சை அளவுக்குச் சுருட்டுங்கள். முதலில் கொஞ்சம் பழுப்புச் சாயம் விடும். வெந்நீரில் ஒருமுறை அலசினால் நின்றுவிடும்.