டிரான்ஸ்பைலர்: பெயர்ப்பதும் அதர்ப்பட யாப்பதும்

ஒரு நிரல்மொழியில் எழுதிய மூல நிரலை, ஏறத்தாழ அதே மட்டத்தில் உள்ள இன்னொரு நிரல்மொழியின் மூல நிரலாக மாற்றித் தரும் மென்பொருளுக்கு டிரான்ஸ்பைலர் என்று பெயர். டைப்ஸ்கிரிப்டில் எழுதியது ஜாவாஸ்கிரிப்டாக வெளிவருவது இன்று பலருக்கும் பழக்கமான எடுத்துக்காட்டு. கம்பைலர் பெரும்பாலும் நிரலை எந்திர மொழிக்கு இறக்கிவிடும். டிரான்ஸ்பைலர் தருவதோ, மறுபடியும் ஒரு மனிதர் திறந்து படித்துத் திருத்தக்கூடிய நிரல்.

'டிரான்ஸ்' என்ற முன்னொட்டையும் 'கம்பைலர்' என்ற சொல்லின் வாலையும் ஒட்டிச் செய்த சொல் இது. கம்பைலர் என்ற சொல்லுக்காவது ஒரு நியாயம் இருந்தது. 1952 வாக்கில் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஏ-0 என்ற மென்பொருள், காந்த நாடாவில் இருந்த துணைநிரல்களைத் தேடி எடுத்து ஒரே நிரலாகச் சேர்த்தது. அந்த வேலை அச்சு அசலாகத் தொகுத்தல்தான். (அதன் லத்தீன் வேர் 'கொம்பிலாரே'வுக்குக் கொள்ளையடித்தல் என்பது பொருள்.) ஆகவே கம்பைலரைத் தமிழில் தொகுப்பி என்பதில் எனக்குக் குறையில்லை. டிரான்ஸ்பைலர் எதையும் தொகுப்பதில்லை. அதனால் தொகுப்பி என்ற சொல்லோடு இன்னொரு முன்னொட்டைச் சேர்த்துத் தமிழ்ச்சொல் ஆக்குவது பிசகு. அது செய்யும் வேலையைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

அந்த வேலையை நன்றாகப் பார்க்க லிஸ்ப் என்ற நிரல்மொழிக் குடும்பத்தைவிட நல்ல இடமில்லை. 1958இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப், சில ஆண்டுகளிலேயே கிளைமொழிகளாகப் பிரிந்தது. மேக்லிஸ்ப், இன்டர்லிஸ்ப், 1975இல் ஸ்கீம், 1994இல் அமெரிக்கத் தரநிலை பெற்ற காமன் லிஸ்ப், 2007இல் க்ளோஜர் என்று வரிசை நீளும். எல்லாவற்றிலும் அதே அடைப்புக்குறிகள். லிஸ்ப் நிரல் என்பதே ஒரு பட்டியல். பட்டியலைக் கையாள்வதற்கென்றே பிறந்த மொழி லிஸ்ப். எனவே ஒரு கிளைமொழியின் நிரலைத் தரவாகப் படித்து இன்னொன்றாகத் திருத்தி எழுத லிஸ்ப்பே போதும்.

1970களில் இன்டர்லிஸ்ப்புடன் வந்த டிரான்சார் என்ற கருவி இதைத்தான் செய்தது. இரண்டு கிளைமொழிகளுக்கும் உள்ள வேறுபாடுகளை இன்டர்லிஸ்ப் திருத்தியின் கட்டளைகளாக எழுதி ஒரு கோப்பில் வைத்துக் கொடுத்தால், அது நிரல் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி அவற்றைப் பொருத்தும். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த படி. மாற்றிய நிரலோடு ஒரு குறிப்புக் கோப்பையும் அது தந்தது: இன்ன இன்ன இடங்களை நீங்களே ஒரு முறை பாருங்கள் என்று. தன்னால் முடியாததை ஒளிக்காமல் சொன்ன கருவி.

அந்தக் குறிப்பு ஏன் தேவை? ஒரு பட்டியலை வாங்கி, அதை இரு முறை கொண்ட புதுப் பட்டியலைத் தரும் நிரலைக் காமன் லிஸ்ப்பில் இப்படி எழுதலாம் ('லிஸ்ட்' என்றால் பட்டியல்):

(டெஃபன் இரட்டி (லிஸ்ட்) (லிஸ்ட் லிஸ்ட் லிஸ்ட்))

அங்கே செயற்கூறின் (ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டு) பெயருக்கு ஓர் அறை, மாறியின் (ஒரு மதிப்பைத் தாங்குவது) பெயருக்கு வேறோர் அறை. கடைசி அடைப்புக்குறிக்குள் முதலில் நிற்கும் 'லிஸ்ட்' செயற்கூறு. பின்னால் வரும் இரண்டும் மாறிகள். குழப்பமே இல்லை. சொல்லுக்குச் சொல் ஸ்கீமுக்கு மாற்றினால்:

(டிஃபைன் (இரட்டி லிஸ்ட்) (லிஸ்ட் லிஸ்ட் லிஸ்ட்))

பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஸ்கீமில் எல்லாப் பெயர்களுக்கும் ஒரே அறை என்பதால், உள்ளே வந்த பட்டியலையே செயற்கூறாக அழைக்கப் போய் நிரல் நின்றுவிடும். மாறிக்குப் 'பட்டியல்' என்று வேறு பெயர் வைத்தால் சரியாகிவிடும்.

இது நின்று காட்டிக்கொடுக்கும் பிழை. நிற்காமல் ஏமாற்றும் பிழையும் உண்டு. காமன் லிஸ்ப்பில் வெற்றுப் பட்டியலும் 'பொய்' என்ற மதிப்பும் ஒன்றே. ஸ்கீமில் வெற்றுப் பட்டியல் 'மெய்'யாகவே கொள்ளப்படும். 'முதல் உறுப்பை நீக்கிய பின் மிச்சம் இருந்தால் "பல" என்று சொல், இல்லாவிட்டால் "ஒன்று" என்று சொல்' என எழுதிய வரியை அப்படியே எடுத்துவந்தால், ஒரே உறுப்புள்ள பட்டியலுக்கும் ஸ்கீம் "பல" என்றே சொல்லும். பிழைச்செய்தி வராது. தவறான விடை மட்டும் வரும்.

இனி தமிழுக்கு வருவோம். வழிநூல், அதாவது முந்தைய நூலைப் பின்பற்றி எழுதும் நூல், நான்கு வகை என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது: "தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தலொடு அனைமரபினவே." தொகுத்தலும் மொழிபெயர்ப்பும் இங்கே வெவ்வேறு வகைகளாக நிற்பதைக் கவனியுங்கள். மொழிபெயர்ப்பதோடும் அந்த வகை நின்றுவிடவில்லை. 'அதர்' என்றால் வழி. சங்கப் பாட்டில் பொருள் தேடிப் போகிறவன் கடக்கும் பாலை வழியும் அதர்தான். யாத்தல் என்றால் கட்டுதல். பெயர்த்து எடுத்ததைப் போய்ச் சேரும் மொழியின் வழிக்கு ஏற்பக் கட்ட வேண்டும் என்பது கருத்து. 'பெயர்' என்ற வினையும் இங்கே அழகாகப் பொருந்துகிறது. சுவரில் காரை பெயர்கிறது, மக்கள் இடம்பெயர்கிறார்கள்: இருந்த இடத்தை விட்டு நகர்வதுதான் பெயர்தல்.

நிரல்பெயர்ப்பி என்று சொல்லலாமே என்றால், அது கம்பைலருக்கே புழங்குகிறது. உள்ளே போவதும் வெளியே வருவதும் மூல நிரலே என்பதால் 'மூலப்பெயர்ப்பி' என்ற சொல்லை நான் பரிந்துரைக்கிறேன். லிஸ்ப் போன்ற ஒரே குடும்பத்துக்குள் மாற்றும் டிரான்சார் வகைக் கருவியைக் 'கிளைமொழிபெயர்ப்பி' என்று தனியாகச் சுட்டலாம். கருவி முடித்த பிறகு, அறை மாறிய பெயர்களையும் மெய்யான வெற்றுப் பட்டியல்களையும் கையால் சரிசெய்யும் வேலைக்கு 'அதர்ப்படுத்தல்' என்பது பொருந்தும். டிரான்ஸ்பைலர் என்ற சொல்லில் இந்த இரண்டாம் வேலைக்கு இடமே கிடையாது.

புழக்கத்தில் இப்படி வரும்: "கோப்புகள் எல்லாம் மூலப்பெயர்ப்பி வழியாக ஸ்கீமுக்கு வந்துவிட்டன. பட்டியலைச் சோதிக்கும் வரிகள் மட்டும் இன்னும் அதர்ப்படுத்தப்படவில்லை."