ஆலங்கட்டி விழுந்த மறுநாள் காலை மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள்

கோடை மழையோடு ஆலங்கட்டி விழுந்துவிட்டால் ஓசூர், ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்து விவசாயிகளிடமிருந்து எனக்கு விடாமல் போன் வரும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், என்ன டானிக் (செடி தேற அடிக்கும் ஊக்க மருந்து) அடிக்கலாம்?" சிலர் அடித்து முடித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். இந்தக் கோடையிலும் அப்படி ஒருவர் கூப்பிட்டார். நட்டு நாற்பது நாளான தக்காளி. யூரியா, டானிக், ஹார்மோன், பூஞ்சாணக்கொல்லி, பூச்சிமருந்து எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலந்து, ஆலங்கட்டி விழுந்த மறுநாளே நடுவெயிலில் அடித்திருக்கிறார். ஆலங்கட்டிக்குத் தப்பிய இலைகளும் கருகிவிட்டன. அடித்த மருந்தும் கைக்காசில் வாங்கியதில்லை, கடனுக்கு வாங்கியது.

இலை வழியாகச் சத்து உள்ளே போக முதலில் இலை வேண்டும். ஆலங்கட்டி அடித்த செடியில் இருப்பது தண்டும் கிழிசலும்தான். அதன் மேல் என்ன தெளித்தாலும் பெரும்பகுதி மண்ணுக்குத்தான் போகும். செடி பட்டினியாகவும் இல்லை. தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த உணவு இருக்கிறது. அதைக் கொண்டு கணுக்களிலிருந்து தானே துளிர்க்கும், அதற்கு ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். அந்த நேரத்தில் தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் வருவது சதைப்பிடிப்பான, வலுவில்லாத தளிர். இலைப்பேனும் வெள்ளை ஈயும் அதைத்தான் தேடி வரும். வெள்ளை ஈயோடு இலைச்சுருட்டு வைரஸும் வந்துவிடும். ஆலங்கட்டிக்குப் பிழைத்த தோட்டம் வைரஸில் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது. மக்காச்சோளத்தில் செயற்கையாக ஆலங்கட்டிச் சேதம் உண்டாக்கி, பூஞ்சாணக்கொல்லி அடித்தும் அடிக்காமலும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மருந்து அடித்ததால் விளைச்சல் கூடவில்லை.

சரி, என்னதான் செய்வது?

முதல் வேலை போட்டோ. எதையும் வெட்டுவதற்கு முன் வயல் முழுக்க எடுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சேர்ந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், 14447 என்ற எண்ணில் சொல்லலாம். வி.ஏ.ஓ.விடமும் தோட்டக்கலை அலுவலரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். சுத்தம் செய்துவிட்டுப் போய் நின்றால் அவர்கள் எதைப் பார்த்து எழுதுவார்கள்?

தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள். சொட்டுநீரை நிறுத்துங்கள். இலை இல்லாத செடி முன்போலத் தண்ணீர் குடிக்காது. ஈரம் காயும்வரை வயலுக்குள் ஆள் விடாதீர்கள். ஈரச் செடியைத் தொட்டுக்கொண்டு நடந்தால் காயத்துக்குக் காயம் பாக்டீரியாவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நாம்தான்.

செடியில் ஈரம் காய்ந்த பிறகு, காயத்தில் பாக்டீரியா தொற்றாமலிருக்கத் தக்காளிக்கு ஒரே ஒரு மருந்து: காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிர மருந்து, லிட்டருக்கு 2.5 கிராம், சாயங்காலத்தில், வேறு எதையும் கலக்காமல். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மருந்தை இன்னும் கேட்கிறார்கள். 2024 முதல் பயிர்களில் அதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடிபட்ட காய்களைப் பறித்து வயலுக்கு வெளியே கொண்டுபோங்கள். சாய்ந்த செடிகளைத் தூக்கிக் கட்டுங்கள். முறிந்த கிளையை நல்ல கணுவுக்கு மேலே வெட்டுங்கள், கிழிந்த இலையை அப்படியே விடுங்கள். பச்சை இருக்கும்வரை அது வேலை செய்யும். வாழைக்கும் இதேதான். குலை தள்ளிய மரத்தில் கந்தலான இலையை அழகு பார்த்து வெட்டினால் காய் பெருக்காது, வெயிலும் நேராகக் குலையில் அடிக்கும். காய்ந்த வாழைச்சருகால் குலையை மூடிவிடுங்கள்.

புதுத்தளிர் விரிந்த பிறகு உரம் கொடுக்கலாம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளித்தால் போதும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சித்தான் கேட்கிறேன்.

மாமரத்தில் பெரிய கிளை உரிந்திருந்தால் வெட்டிச் சீராக்கிப் போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 10 லிட்டர். தழும்பு விழுந்த காயை மரத்தில் வைத்து வேடிக்கை பார்க்க வேண்டாம், அழுகல் வரும். முற்றியிருந்தால் கூழ் ஆலைக்கு, இல்லாவிட்டால் ஊறுகாய்க்கு.

அப்புறம், அழிக்கலாமா என்ற கேள்வி. மறுநாளே டிராக்டரைக் கூப்பிடாதீர்கள். ஐந்து, ஆறு இலைப் பருவம்வரை மக்காச்சோளத்தின் குருத்து மண்ணுக்குள்தான் இருக்கும், மேலே நார்நாராகக் கிழிந்தாலும் திரும்ப வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு வாரம் கழித்து நாலைந்து செடியைப் பிளந்து பாருங்கள். குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறிக் கொழகொழவென்றிருந்தால் போய்விட்டது. தக்காளியில் பாதிக்கு மேல் செடிகள் அடிக்கணுவுக்கும் கீழே முறிந்திருந்தால் மட்டும் அழியுங்கள். அந்த இடத்தில் உடனே மிளகாயோ கத்திரியோ வைக்காதீர்கள், தக்காளியின் வாடல் நோய் அவற்றுக்கும் வரும். கொத்தமல்லித் தழைக்கு விதையுங்கள், ஒன்றரை மாதத்துக்குள் கையில் காசு வரும்.