கருங்கல் படியைத் தூக்கும் களிமண்

"மார்கழியில் வீட்டோடு ஒட்டி நிற்கும் வாசற்படி, சித்திரை வந்தால் விரல் நுழைகிற அளவு விலகிவிடுகிறது. வருஷா வருஷம் சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை. கல் மட்டமா, கலவை மட்டமா?" என்று திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார். இரண்டுமில்லை. கோளாறு அடிமண்ணில். அது நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண்.

வீட்டு அஸ்திவாரம் 4, 5 அடி இறங்கியிருக்கும். அந்த ஆழத்தில் ஈரம் அவ்வளவாக மாறாது. படியையோ முக்கால் அடி தோண்டி உட்கார வைத்துவிடுகிறோம். மழையில் அது எழும்பும், கோடையில் இறங்கும். தெருப்பக்கத்து மண் முதலில் காய்வதால் படி முன்னால் சாய்ந்து, சுவரோரம் வாய் பிளக்கும்.

கருங்கல்லையா மண் தூக்கும்? 4 அடி நீளம், 1 அடி அகலம், அரையடி கனமுள்ள கல் ஏறக்குறைய 150 கிலோ. ஆனால் இரண்டரை அடி உயரத்துக்குக் கல்லாகவே அடுக்கினாலும் மண்மேல் விழும் பாரம் சதுர மீட்டருக்கு 2 டன்தான். நனையும் களிமண் 5, 10 டன் அளவுக்குக்கூடத் திருப்பித் தள்ளும்.

அந்தப் பலம் மான்ட்மோரில்லனைட் என்ற கனிமத்தினுடையது. 1 நானோமீட்டர் கனமுள்ள தகடுகள், அப்பளக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக. தகட்டுக்குள் சில இடங்களில் அலுமினியத்துக்குப் பதில் மெக்னீசியம் உட்கார்ந்திருக்கும். அதன் நேர்மின்சுமை ஒன்று குறைவு. ஆகவே தகட்டில் எதிர்மின்சுமை மிஞ்சும். அதை ஈடுகட்ட சோடியமும் கால்சியமும் தகடுகளின் இடுக்கில் வந்து தங்கும். தண்ணீர் பட்டதும் நீர் மூலக்கூறுகள் அந்த அயனிகளைச் சூழ்ந்துகொள்ளும். ஒரு வரிசை நீர், அதன்மேல் இன்னொரு வரிசை, தகடுகள் விலகும். இடுக்கில் சோடியம் இருந்தால் விலகல் லேசில் நிற்காது. கால்சியம் இருபுறத் தகடுகளையும் பிடித்துக்கொள்வதால் ஓரளவோடு நிற்கும். சுண்ணாம்பு கலந்தால் களிமண் அடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சுத்தமான மான்ட்மோரில்லனைட் 1 கிராமில் இந்தத் தகடுகளின் பரப்பு 700, 800 சதுர மீட்டர். 2 கிராமுக்குள் ஒரு மா நிலம், அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு!

உங்கள் மண் எப்படி என்று வீட்டிலேயே பார்க்கலாம். காயவைத்துப் பொடித்துச் சலித்த மண் 10 கிராம் தண்ணீரிலும், 10 கிராம் மண்ணெண்ணெயிலும், அளவுக்கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்களில். 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெய் மூலக்கூறுக்கு மின்முனை இல்லை. இடுக்கில் நுழையாது, மண் அப்படியே படியும். தண்ணீரில் படிந்தது அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நின்றால் பொல்லாத மண்.

இனி வேலை. 3 அடி தோண்டி மணலை நிரப்புவது நம்மூர் வழக்கம். களிமண் பள்ளத்தில் மணல் போட்டால் அது தண்ணீர்த் தொட்டி. தேங்கும் நீர் அடியில் உள்ள களியை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். மணலுக்குப் பதிலாக, உப்பாத செம்மண் கிராவலைப் படியைவிட 1 அடி அகலமாக, அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசு போடுங்கள். ஒட்டும் தன்மையுள்ள, உப்பாத மண்தான் உப்பலை அடக்கும் என்ற முறையை மும்பை ஐஐடியில் வகுத்தவர் ஆர்.கே.காட்டி. கால்வாய்க்கும் சாலைக்கும் கிடைக்கிற ஆராய்ச்சிப் பணத்தில் கொஞ்சம் குடிசை வீட்டு வாசலுக்கும் வந்தால் தேவலை.

கிராவல் மேல் 4 அங்குல ஜல்லி கான்கிரீட், அதன்மேல் கல். ஒவ்வொரு படிக்கும் தெருப்பக்கம் கால் அங்குல வாட்டம். படி ஒற்றைப்படையில் வரவேண்டும் என்று கடைசிப் படியை மட்டும் 3 அங்குலமாக்குகிறார்கள். உயரம் மாறுகிற இடத்தில்தான் கால் இடறும், எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. மாடித் தண்ணீர்க் குழாயை வாசலோரம் இறக்காதீர்கள்.

படியைக் கம்பி போட்டு வீட்டோடு கட்டவே வேண்டாம். நடுவே அரை அங்குலத் தெர்மாகோல் வைத்து, மேல்வாயைச் சிலிக்கானால் அடைத்தால் போதும். சிலிக்கான் காய்ந்து வெடித்தால் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைப்பது அரைமணி நேர வேலை.